ஆடியிலேயே வந்துவிடும் புத்தாண்டு

மற்ற ஊர்க்காரர்களுக்கு ஜனவரி 1-ஆம் தேதி புத்தாண்டு. எங்களுக்கு ஆடி பதினெட்டு. அன்றைக்குத்தான் சிவகாசியில் காலண்டர் கம்பெனிகள் பூஜை போட்டு, அடுத்த வருட ஆல்பத்தை வெளியே விடுவார்கள். அதற்குப் பிறகு மார்கழி வரை அச்சாபீஸில் மூச்சுவிட நேரம் இருக்காது. தாள் வெட்டுகிறவர், அடுக்குகிறவர், தகரம் அடிக்கிறவர் என்று எல்லோர் கையிலும் இன்னும் பிறக்காத ஒரு வருடம் கிடந்து புரளும். விஸ்வநத்தத்திலிருந்து சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் போய் அந்த வருடத்தை அடுக்கிவிட்டு வருகிற பெண்களில் நானும் ஒருத்தி.

தினசரி காலண்டர் தாளில் ராகு காலம், எமகண்டம், சூலம், ராசிபலன் எல்லாம் இருக்கும். கிறிஸ்தவக் காலண்டர் என்றால் அந்த இடத்தில் ஒரு வேத வசனம். மிஷின் ஒன்றுதான், பசை ஒன்றுதான், எங்கள் விரலும் ஒன்றுதான். தேதி வரிசை மாறாமல் பார்க்க வேண்டுமே, அதனால் கண் தாளில் பட்டே தீரும். நான் முதன்முதலில் பைபிள் படித்தது இப்படித்தான். துண்டு துண்டாக, தேதி வாரியாக, நின்றுகொண்டே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நிதானத்தை எதிர்பார்க்காதீர்கள். புதிதாக ஸ்கூட்டர் வாங்கியவர் பக்கத்துக் கடைக்குப் போகக்கூட நாலு தெரு சுற்றிப் போவார் இல்லையா, என் பேச்சு இப்போது அப்படித்தான் போகிறது. கத்திரிக்காய் விலையில் ஆரம்பித்தாலும் சபை, சங்கீதம், அசனம் என்று வந்து நின்றுவிடுகிறேன். "ஒனக்குச் சாமி கெடச்சுச்சோ இல்லையோ, எங்களுக்கு நல்ல வாய் ஒண்ணு கெடச்சிருக்கு தாயி" என்று என் மதினி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். கும்பிடட்டும். நாற்பதை நெருங்கும் வயதில் ஒருத்திக்கு இவ்வளவு பெரிய சந்தோஷம் கிடைத்தால் அவள் வேறு எப்படி இருப்பாள்?

ஊரில் ஒரு பேச்சு உண்டு. கடன் கழுத்தை நெரித்தால், நோய் படுக்கையில் தள்ளினால்தான் ஆட்கள் சர்ச்சுக்குப் போவார்கள் என்று. அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும், அதில் கேவலம் எதுவும் இல்லை. தாகம் எடுத்தவன்தானே தண்ணீர் தேடுவான். ஆனால் என் கதை துவங்கியது துக்கத்தில் இல்லை. சந்தோஷத்தில்.

2018-இல் என் மகள் பிளஸ் டூ எழுதினாள். விருதுநகர் மாவட்டத்தில் ரிசல்ட் என்றால் திருவிழாதான். பல வருடங்கள் தொடர்ந்து மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. தீப்பெட்டிக் கட்டையில் குச்சி அடுக்கி வளர்ந்த பாட்டிகளின் பேத்திகள் வாங்கும் மார்க்கைக் கேட்டால் மெட்ராஸ்காரர்கள் நம்பமாட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் மகள் வாங்கிய மார்க்கை ஃபோனில் பார்த்தபோது வீடே கூத்தாடியது. சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். நெஞ்சு நிறைந்து தளும்புகிறது. நன்றி சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது?

நான் பக்தி இல்லாதவள் இல்லை. மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கலில் தீச்சட்டி எடுத்தவள். நேர்ந்துகொண்டது நடந்தால் எப்படிச் செலுத்த வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இதை நான் நேர்ந்துகொள்ளவே இல்லையே! இத்தனை மார்க் வரும் என்று ஆசைப்படக்கூடத் தெரியாதவள் நான். கேட்காமலே வந்த ஒன்றுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மன் மேல் குறை சொல்லவில்லை. எனக்குள் இருந்த வெற்றிடத்தைச் சொல்கிறேன். துணியை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

ஆவணியில் கிறிஸ்தவக் காலண்டர் தாள் கைக்கு வந்தது. அதில் ஒருவர் தன் ஆத்துமாவைத் தானே கூப்பிட்டு உட்கார வைத்து, கிடைத்த நன்மைகளில் ஒன்றையும் மறந்துவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது 103-ஆம் சங்கீதம் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ ஒருவர் இதே மொட்டை மாடியில் நின்றிருக்கிறார் என்பதுதான். பக்கத்து டேபிளில் வேலை பார்க்கும் அக்கா சபைக்குப் போகிறவர். மெதுவாகக் கேட்டேன்.

"எக்கா, ஒங்க கோயில்ல நன்றி சொல்லணும்னா என்ன செய்யணும்? எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணும் கட்ட வேண்டாம். வா, வந்து சொல்லு. அம்புட்டுதான்."

போனேன். ஆராதனையில் எனக்கு முதலில் பிடித்துப்போனது பாட்டும் இல்லை, பிரசங்கமும் இல்லை. ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியல்! போதகர் ஐயா ஒரு தாளைக் கையில் வைத்து வாசிக்கிறார். பிறந்தநாளுக்காக ஒரு குடும்பம், திருமண நாளுக்காக ஒரு குடும்பம், லோன் அடைத்து முடித்ததற்காக ஒரு குடும்பம், பைக்கிலிருந்து விழுந்தும் அடிபடாமல் எழுந்ததற்காக ஒரு பையன். சந்தோஷத்தைப் பேர் சொல்லி, ஊரறிய, கடவுள் முன் எடுத்து வைக்கிறார்கள். கண் பட்டுவிடும் என்று நல்லதை எல்லாம் முந்தானைக்குள் மறைத்தே வளர்ந்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகளின் பேரும் அந்தத் தாளில் இருந்தது. சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளத்தில் ஒரு நோட்டைக் கவரில் வைத்துக் கொடுத்தேன். அந்த நோட்டை நான் மடித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தேன் நிலவு அதிக நாள் நீடிக்கவில்லை. அந்த அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, வெடிப்பதற்கே நேரக் கட்டுப்பாடு. மருந்தில் பேரியம் இல்லாமல் பச்சை நிறமும் கிடையாது, பல ரகங்களும் கிடையாது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் அடைத்தன. வழக்கமாகச் சில வாரத்தில் திறப்பவை மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர். வெயில் ஏறுவதற்குள் கலவையை முடித்தாக வேண்டிய வேலை. உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் காலடி வைக்க வேண்டும். அலுமினியப் பவுடர் ஏறிய அவர் கை எப்போதும் வெள்ளியில் மின்னும். அந்தக் குளிர்காலத்தில் அவர் கை சாதாரணக் கையாகிவிட்டது. பார்க்கவே பயமாக இருந்தது.

"புதுச் சாமி வந்த நேரம் நல்ல நேரந்தான்" என்று தெருக்குழாயில் ஒருத்தி சொன்னாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த அக்கா தன் பழைய வேதாகமத்தைக் கொடுத்து, "சங்கீதம் மட்டும் படி. மனசுல என்ன இருக்கோ அது அதுல இருக்கும்" என்றார். தாள் தாளாகப் படித்தவளுக்கு முழுப் புத்தகம் கிடைத்தது. அடேயப்பா, காலண்டர்காரர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள்! மொத்தம் 150 சங்கீதங்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எதுவரைக்கும், ஏன் மறந்தீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கடவுளைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிற பாட்டுகள். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஆறுதல் வரியாவது வருமா என்றால் வராது. இதைக் காலண்டர் தாளில் போட்டால் யார் வாங்குவார்கள்? ஆனால் இதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே! யாரோ உட்கார்ந்து, இந்தக் கதறலும் ஆராதனைதான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவைச் செய்தவர்களின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. நன்றி சொல்ல ஒரு முகம் தேடிப் போனவள் நான். சண்டை போடவும் அதே முகத்திடம் போகலாம் என்று அந்தத் தை மாதத்தில் தெரிந்துகொண்டேன். என் விசுவாசம் என்பது மொத்தத்தில் இவ்வளவுதான். இதற்கு மேல் இறையியல் எனக்குத் தெரியாது.

அரிசி டப்பா காலியாக இருந்த நாட்களில் ஆபகூக் என்ற சின்னப் புத்தகத்தையும் கண்டுபிடித்தேன். மூன்றே அதிகாரம். கடைசியில் அந்தத் தீர்க்கதரிசி ஒரு கணக்கு எழுதுகிறார்: அத்தி இல்லை, திராட்சை இல்லை, ஒலிவம் ஏமாற்றியது, வயலில் விளைச்சல் இல்லை, பட்டியில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. அப்படியும் மகிழ்வேன் என்கிறார். நான் மனசுக்குள் எங்கள் ஊர்க் கணக்கை எழுதிப் பார்த்தேன்: ஆலை திறக்கவில்லை, போனஸ் இல்லை, நகை அடகில், மகளின் காலேஜ் ஃபீஸ் பாக்கி. மகிழ்வேன் என்று எழுத வரவில்லை. "இன்னும் முடியல ஆண்டவரே" என்று விட்டுவிட்டேன். அதுவும் ஜெபம்தான் என்று அக்கா சொன்னார்.

நம் பக்கத்திலேயே இந்த வழியில் போன ஒருவர் உண்டு. நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் ஒடிந்திருந்தபோது, குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே சேர்ந்துவிட்ட டச்சுக்காரர் டிலனாய், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் கடவுளை விடாத, ஆனால் கடவுளிடம் கேள்வி கேட்பதையும் விடாத யோபு. நீலகண்டப் பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதற்குப் பிறகு அவருடைய கஷ்டம் தீர்ந்ததா? எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தி, கடைசியில் 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நான் டிவி முன்னால் உட்கார்ந்து விசிலடிக்காத குறை. நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, அதனால் என்ன? நாகர்கோவில் பக்கத்து மனிதர் ரோமாபுரியில் பேர் வாங்கினால் விருதுநகர்க்காரிக்குச் சந்தோஷம் வரக் கூடாதா?

இதனால்தான் "இயேசுவிடம் வந்தேன், கடன் தீர்ந்தது, வீடு கட்டினேன், கார் வாங்கினேன்" என்று மேடையில் சொல்லப்படுகிற சாட்சிகளைக் கேட்டால் எனக்குக் கால் அரிக்கும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தேவசகாயம் பிள்ளையை அந்த மேடையில் ஏற்றினால் என்ன சொல்வார்?

பட்டாசு ஊரில் ஒரு கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. அந்தச் சத்தம் எங்கள் வீட்டுப் பாத்திரத்தை ஆட்டியது. இறந்தவர்கள் நாற்பது பேர் வரை. அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடியவர்கள். அதற்குப் பின்னும் வருடா வருடம் ஏதாவது ஒரு ஊரின் பேர் பேப்பரில் வருகிறது. துக்க வீட்டில் உட்கார்ந்தால் யாராவது ஒரு கிழவி, "என்ன பாவம் பண்ணுனாளோ, இப்படி ஆகணும்னு எழுதியிருக்கு" என்பாள். நானே அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். கட்டட விபத்து. நம் பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் வருகிற செய்தி. இயேசு அதை எடுத்துப் பேசுகிறார். அந்தப் பதினெட்டுப் பேரும் ஊரில் மற்ற எல்லோரையும்விடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொல்கிறார். இல்லை! ஒரே சொல்லில் துக்க வீட்டுக் கிழவியின் வாயை அடைத்துவிட்டார். பிறகு பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பக்கமே திருப்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவனைத் தோண்டித் துருவாதே, உயிரோடிருக்கிற உன்னைப் பார் என்று நான் எடுத்துக்கொண்டேன். கோபுரத்தைக் கட்டியவர் யார், மேற்பார்வை பார்த்தவர் யார் என்று நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்விகளும் அதற்குள் வரும் என்றுதான் நினைக்கிறேன். ஓர் அறைக்குள் நாலு பேர் என்று விதி இருக்கும் இடத்தில் எட்டுப் பேரை உட்கார வைப்பதற்கு எழுதியது பிரம்மனா?

ஏன் நடந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே அவன் கல்லறைக்கு வந்தவர், வந்த இடத்தில் அழுதார் என்று யோவான் எழுதியிருக்கிறார். முதலில் அழுகை, பிறகுதான் அற்புதம். அழத் தெரிந்த கடவுள் எனக்குப் போதும்.

சாட்சியாபுரத்துக்கு ஒரு நாள் அக்காவோடு போனேன். சிவகாசியை ஒட்டிய ஊர்தான். அங்கேயுள்ள பள்ளிக்கூடங்களைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஊர் எதனால் உண்டானது என்று எனக்கு அதுவரை தெரியாது. கதை ராக்லண்டில் தொடங்குகிறது. தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட், 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர், சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கேம்பிரிட்ஜில் 1841-இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே நான்காவதாக வந்து, கல்லூரியில் ஃபெலோ ஆனவர். சும்மா உட்கார்ந்து மரியாதையோடு சாப்பிடலாம். சி.எம்.எஸ். மிஷனில் சேர்ந்து மதராஸுக்கு வந்து செயலாளராக மேஜை வேலை பார்த்தார். அதிலும் மனம் நிற்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் தெற்குப் பக்கத்தில் அப்போதே சபைகள் பெருகியிருந்தன. வடக்குப் பக்கம், அதாவது நம் பக்கம், காய்ந்து கிடந்தது. 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

வந்து பங்களா கட்டவில்லை. கூடாரம்! சிவகாசி வெயிலில், துணிக் கூடாரத்தில், கிராமம் கிராமமாக நகர்ந்துகொண்டே வாழ்ந்தார்கள். சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரு மத்தியானம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் அர்த்தம் புரியும். அதுவும் நுரையீரல் கெட்டு ரத்தம் கக்குகிற உடம்போடு. அவர்களோடு கூட நடக்கத் தெற்குத் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை மாற்றி மாற்றி மாதமுறையில் அனுப்பின. இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. வெள்ளைக்காரர் பேர் புத்தகத்தில் இருக்கிறது. பனங்காட்டிலிருந்து கைப்பிடி அரிசியும் காசும் சேர்த்து ஆள் அனுப்பிய அந்த அம்மாக்களின் பேர் எங்கே இருக்கிறது?

பலன் என்ன? ராக்லண்ட் உயிரோடிருந்தவரை பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர் ஊராகப் பேசினார், கேட்டார்கள், போய்விட்டார்கள். 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியிலேயே ரத்தம் கக்கி இறந்தார். வயது 43. ஒரு கணித மேதை தன் கணக்கில் கடைசிவரை விடை பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அறுத்தார்கள்; சாட்சியாபுரமும் அந்த அறுப்பில் வந்ததுதான். எமி கார்மைக்கேல் அம்மையார் 1922-இல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அதே 1858-இல், ஏப்ரல் மாதம், தெற்கே கரையிருப்பு ஊரைச் சேர்ந்த வைணவத் தமிழ்ப் புலவர் ஒருவர் மதராஸில் ஞானஸ்நானம் பெற்றார். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. இரட்சணிய யாத்திரிகம் எழுதியவர். அது 1894-இல் வெளிவந்தது. கம்பனில் ஊறியவர் கிறிஸ்துவைப் பாடினால் எப்படி இருக்கும் என்று தமிழ் வாத்தியாரான என் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் உங்களை விடமாட்டான். அவன் திருநீறு பூசுகிறவன்தான்.

இப்படிப்பட்ட ஒரு மண்ணில் காலண்டர் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒன்றும் தெரியாமல்!

2019-இல் ஆலைகள் திறந்தன, அந்த வருடமே ஞானஸ்நானம் எடுத்தேன். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை, வரவும் இல்லை. "ஒனக்குச் சரின்னா சரி. எனக்கு முனியாண்டி இருக்காரு" என்றார். எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது இரண்டு காலண்டர்கள். சமாதானமாகத்தான் தொங்குகின்றன. 2020-இல் ஊரடங்கு வந்து மறுபடி எல்லாம் பூட்டியபோது பழைய பாடம் கைகொடுத்தது. 88-ஆம் சங்கீதத்துக்கு நேராகப் போய்விட்டேன்.

கஷ்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நான் கொண்டாட வந்த விஷயம் விட்டுப்போகும். கீர்த்தனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டாமா! சபையில் இரண்டு கட்சி உண்டு. பாமாலைக் கட்சி ஆர்கனோடு நின்று பாடும். கீர்த்தனைக் கட்சிக்குத் தபேலாவும் ஜால்ராவும் வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு கீர்த்தனைக் கட்சி. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடிவைத்தவை இன்னும் எங்கள் சபையில் ஒலிக்கின்றன. இரண்டாம் சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்த மனிதர். பல்லவியில் மெதுவாகத் தொடங்கி, சரணத்தில் தபேலா சூடுபிடிக்கும்போது, முன் வரிசைப் பாட்டியின் தலை ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கவே நான் சீக்கிரம் போய் இடம் பிடிக்கிறேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை இன்னொரு விசேஷம். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, ஒருவரையொருவர் கைகுலுக்கி, பிறகு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அடுத்த வருடத்துக்கென்று ஒரு வசனம். முதல் வருடம் நான் பயபக்தியோடு வாங்கிப் பார்த்தால், ஐப்பசியில் நானே அடுக்கிக் கட்டி அனுப்பிய அட்டை! பெட்டி எண்கூட ஞாபகம் இருந்தது. அக்காவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் பின்வரிசையில் இருந்தவர்கள் முறைத்தார்கள். சிலர் இந்த அட்டையை ராசிபலன் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள், போன வருட வசனம் பலிக்கவில்லை என்று குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. என்ன வரும் என்று சொல்வதற்கா அந்த வசனம்? எது வந்தாலும் யாரோடு இருப்பாய் என்று சொல்வதற்கு.

எல்லாவற்றுக்கும் மேலே அறுப்பின் பண்டிகை. இதைப் பார்க்காதவர்கள் பிறந்து என்ன பயன் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பைத்தியம். பீடத்தைச் சுற்றிக் கரும்பு, வாழைத்தார், சோளக்கதிர், முருங்கைக்காய்க் கட்டு, கோழி, முட்டை, ஒருவர் வீட்டு முறுக்கு, இன்னொருவர் வீட்டுத் தையல் சட்டை. அவரவர் கை உழைத்ததைக் கொண்டுவந்து குவிப்பார்கள். அச்சாபீஸ்காரிகள் நாங்கள் நோட்டுப் புத்தகம் கொண்டுபோனோம். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் முப்பது ரூபாய் பெறாத சுரைக்காய் ஐந்நூறுக்குப் போகும், எடுத்தவரே அதை மறுபடி காணிக்கையாக வைப்பார், மறுபடி ஏலம். ஏலம் கூறுகிற அண்ணன் நாடகக்காரர் தோற்றுப்போகும் குரலில், "சபையில கஞ்சப்பேரு யாருக்கு வேணும்?" என்று கேட்டால் கை தானாக உயரும். பிறகு அசனம். பெரிய அண்டாக்களில் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. ஆலை முதலாளி குடும்பமும், அந்த ஆலையில் திரி வெட்டுகிற குடும்பமும் ஒரே பந்தியில் உட்காரும். எல்லா நாளும் இப்படி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கல்யாணப் பேச்சு வந்தால் கிறிஸ்தவனுக்கும் சாதி ஞாபகம் வந்துவிடுகிறது. அதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அந்த ஒரு மத்தியானத்துப் பந்தியில் நான் பார்ப்பது எனக்குப் போதுமான அளவுக்குப் பரலோகம்.

இந்தப் பண்டிகையில் ஒரு வேடிக்கை. சிவகாசி தொழில் வளர்த்ததே மழை இல்லாததால்தான். வானம் பார்த்த பூமியில் பிழைக்க வழி தேடித்தான் 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இன்றைக்கும் மழை பெய்தால் வெடி காயாது, வேலை இல்லை, கூலி இல்லை. ஆனால் சபையில் பாதிப்பேர் சுற்றுப்பட்டிக் கிராமத்தில் சோளமும் பருத்தியும் போடுகிறவர்கள். அதனால் போதகர் ஐயா மழைக்காக ஜெபிக்கும்போது பாதிச் சபை உரக்க ஆமென் சொல்லும். மீதிப் பாதி, கர்த்தர் தப்பாக நினைத்துக்கொள்ளாத அளவுக்கு மெதுவாகச் சொல்லும்.

இதைப் போன வருடம் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. அசனத்துக்கு மட்டும் வருகிறேன் என்று வந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு சம்சாரி, வெள்ளை மீசை. இரண்டு பேரும் மழை நல்லதா கெட்டதா என்று ஆரம்பித்து, மூன்று முறை குழம்பு வாங்கி, பந்தி எழுந்த பின்னும் விடவில்லை. அதற்குள் மிச்சம் கிடந்த பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தது. சம்சாரி நூறு என்றார். இவர் நூற்றைம்பது என்றார். நான் இலை எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து கையைக் கையை ஆட்டினேன்; பார்த்தால்தானே! எழுநூற்று ஐம்பது ரூபாய்க்குப் பூசணிக்காயை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னது இது? முனியாண்டி பக்தரு காணிக்கை குடுக்க ஆரம்பிச்சாச்சா?"

"காணிக்கையும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. அந்தாளு எம்மூஞ்சியப் பாத்தே மழை வேணும்ங்கிறாரு. விட்டுக்குடுக்க முடியுமா?"

பாதியை மதினி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். மீதியில் இரண்டு நாள் சாம்பார். அடுத்த பண்டிகைக்கு அந்தச் சம்சாரி இன்னும் பெரிய காயாகக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டிருக்கிறாராம். இவர் இப்போதே சீட்டுப் பணத்தில் தனியாக ஒதுக்கி வைக்கிறார்.